சோடியமும் டைகிளைமும் 199 டிகிரியில்: ஒரு ரியாக்டர் வெடிப்பின் வெப்பப் பகுப்பாய்வு

பின்னணி

2007 டிசம்பர் 19 அன்று பிற்பகல் 1.33 மணிக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஜாக்சன்வில் நகரில், டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய வேதித் தொழிற்சாலையின் ரியாக்டர், அதாவது வேதிவினை நடக்கும் கலன், வெடித்துச் சிதறியது. ஊழியர்கள் மூவரும் உரிமையாளர் ஒருவருமாக நால்வர் இறந்தனர். காயமடைந்த 32 பேரில் 28 பேர் அக்கம்பக்கத்து நிறுவனங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் என்ன தயாராகிறது என்பதை அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. சிதறல்கள் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு வரை போய் விழுந்தன. வெடிப்பின் வலிமை சுமார் 1,400 பவுண்டு, அதாவது 635 கிலோ டி.என்.டி.க்கு ஈடானது என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அமெரிக்க வேதிப் பாதுகாப்பு விசாரணை வாரியம் இதை விசாரித்து 2009 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. குளிர்விப்பு அமைப்பு, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வடிகால், பொறியியல் கல்வி எனப் பல கோணங்களில் அந்த விசாரணை சென்றது. இந்த ஆய்வு அவற்றுள் ஒன்றை மட்டுமே முதன்மையாகப் பின்தொடர்கிறது: ரியாக்டருக்குள் இருந்த கலவை எந்த வெப்பநிலை வரை நிலைத்திருக்கும், அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது உற்பத்தி தொடங்கும் முன் அளந்து பார்க்கப்பட்டதா, பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதே அது.

நிறுவனத்தை 1996-இல் இருவர் தொடங்கினர். ஒருவர் வேதிப் பொறியியல் பட்டதாரி, மற்றவர் வேதியியல் பட்டதாரி. தொடக்கத்தில் கரைப்பான்களைக் கலந்து விற்றுவந்த அவர்கள், 2004 ஜனவரி முதல் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தக் கலக்கப்படும் ஒரு மாங்கனீசு கரிமச் சேர்மத்தை வணிக அளவில் தயாரித்தனர். 2007-இல் அதுவே நிறுவனத்தின் முதன்மைத் தொழிலாகிவிட்டிருந்தது.

தயாரிப்பு முறை

ஒரே ரியாக்டரில் மூன்று கட்டங்களாக வினை நடைபெற்றது. வெடிப்பு நேர்ந்தது முதற் கட்டத்தில் என்பதால் அதை மட்டும் இங்கே விளக்கினால் போதும். மெத்தில் சைக்ளோபென்டாடையீனின் இருபடிச் சேர்மமும் டைகிளைம் என்ற கரைப்பானும் முதலில் ரியாக்டரில் செலுத்தப்படும். பிறகு சோடியம் உலோகக் கட்டிகளை ஊழியர்கள் கையால் இடுவர். கலன் மூடப்பட்டு, சூடான எண்ணெயால் வெப்பம் ஏற்றப்படும். சோடியம் ஏறத்தாழ 98 டிகிரி செல்சியசில் உருகியதும், கலவையைக் கிளறும் கலக்கி ஓடத் தொடங்கும். உருகிய சோடியம் மெத்தில் சைக்ளோபென்டாடையீனோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அந்த வளி ஓர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வழியே வெளியேறும்.

வினை தானே வெப்பத்தை உமிழ்வது என்பதால், 149 டிகிரியை எட்டியதும் சூடேற்றலை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் கலவை தன் வெப்பத்தாலேயே ஏறும். 182 டிகிரியில் ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்குள் நகரக் குழாய்நீரைச் செலுத்துவார்கள். அந்த நீர் கொதித்து நீராவியாக மேலே வெளியேறும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். குளிர்விப்பதற்கு இருந்த வழி இது ஒன்றுதான். நீர் வரும் வால்வு திறக்காவிட்டாலோ, வடிகால் வால்வு மூடாவிட்டாலோ, அவற்றை இயக்கும் காற்றழுத்தம் தவறினாலோ, குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, வெப்பநிலைக் காட்டி பொய்யாகக் காட்டினாலோ மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை.

இந்த முறையில் 149, 182 என்ற இரண்டு எண்களும் எழுத்தில் இருந்தன. அதே அளவு முக்கியமான மூன்றாவது எண் ஒன்று இருந்தது. அது எவரிடமும் இல்லை.

ஒரு லிட்டரிலிருந்து 9,270 லிட்டருக்கு

இந்த முறையை உரிமையாளர்கள் ஆய்வகத்தில் ஒரு லிட்டர் ரியாக்டரில் பலமுறை செய்துபார்த்திருந்தனர். அங்கே அஞ்சத்தக்க வெப்ப எழுச்சி எதுவும் தென்படவில்லை. வணிக உற்பத்திக்கான ரியாக்டரோ 2,450 காலன், அதாவது ஏறத்தாழ 9,270 லிட்டர் கொள்ளளவுடையது. இடைநிலை அளவில் சோதிக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகத் தாவினர்.

வெப்ப உமிழ்வு கலவையின் கன அளவைப் பொறுத்தது. வெப்ப இழப்பு கலனின் மேற்பரப்பைப் பொறுத்தது. ஒத்த வடிவமுள்ள கலன்களில் கன அளவு 9,270 மடங்கு பெருகினால், நீள அகலங்கள் ஏறத்தாழ 21 மடங்குதான் பெருகும். ஆகவே ஒவ்வொரு லிட்டர் கலவைக்கும் கிடைக்கும் குளிர்விப்புப் பரப்பு 21-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குவளையில் ஊற்றிய கஞ்சி ஆறிய பின்னும் அண்டாவிலுள்ள கஞ்சி ஆவி பறக்க இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒரு லிட்டர் கண்ணாடிக் கலனில் சுவர் வழியே ஓசையின்றி வெளியேறிவிட்ட வெப்பம், பெரிய ரியாக்டரில் உள்ளேயே தங்கும். வெப்பநிலை பத்து டிகிரி உயரும்போது வினை வேகம் தோராயமாக இரட்டிக்கும் என்ற பொது விதியை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: உமிழ்வு அடுக்குமுறையில் ஏறுகிறது, குளிர்விப்போ வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில்தான் ஏறுகிறது. இவ்விரண்டும் சமமாகும் புள்ளியைத் தாண்டிவிட்டால், கலவையைத் திரும்பக் கொண்டுவர அந்த ஜாக்கெட்டால் இயலாது.

எனவே சிறு கலனில் அமைதியாக முடிந்த சோதனைகள், எத்தனை முறை செய்யப்பட்டிருந்தாலும், பெரிய கலனின் பாதுகாப்புக்குச் சான்றாகா. அவை விளைபொருள் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு விடை தந்தன. வெப்ப நிலைப்புத்தன்மை என்ற கேள்வி அவற்றிடம் கேட்கப்படவே இல்லை.

முதல் பத்து பேட்சுகள்

ஒருமுறை பொருள்களை ஏற்றித் தயாரிக்கும் தொகுதியைப் பேட்ச் என்பர். பெரிய ரியாக்டரில் எடுக்கப்பட்ட முதல் பத்து பேட்சுகளில் மூன்று, அதாவது 1, 5, 10 ஆகியவை, எதிர்பாராத வெப்ப எழுச்சியைக் காட்டின. ஒவ்வொரு முறையும் உரிமையாளர்கள் எடுத்த முடிவு ஒன்றுபோலவே இருந்தது: செய்முறையிலும், வெப்பம் ஏற்றும், குளிர்விக்கும் நடைமுறையிலும் மாற்றம் செய்து அடுத்த பேட்சுக்குச் சென்றனர். அடுத்தடுத்த பேட்சுகள் ஒழுங்காக முடிந்ததால் சிக்கல் தீர்ந்துவிட்டதென்று கருதினர்.

அந்த முடிவின் பின்னாலிருந்த எண்ணத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும். வெப்பம் கூடுதலாக வந்தது என்றால் குளிர்விப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பது, ரியாக்டருக்குள் விரும்பிய வினை ஒன்று மட்டுமே நடக்கிறது என்ற நம்பிக்கையிலிருந்து வருவது. அந்த நம்பிக்கை சரியாக இருந்திருந்தால் அந்த முடிவும் ஓரளவு சரியாக இருந்திருக்கும். ஆனால் அந்த மூன்று பேட்சுகளும் தம்மளவில் வெப்பப் பகுப்பாய்வுத் தரவுகளே. எந்த வெப்பநிலையில் ஏற்றம் தொடங்கியது, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறியது, அழுத்தம் உடன் ஏறியதா என்பவற்றை வைத்து, வினையில் எழும் வெப்பத்தை அளக்கும் ஒரு கலோரிமீட்டர் சோதனைக்கு அப்போதே காரணம் இருந்தது. வடிவமைப்பில் உதவிய ஆலோசகர் ஒருவர், ஒவ்வொரு உறுப்பும் பிறழ்ந்தால் என்ன ஆகும் என்று முறைப்படி அலசும் ஹேஸாப் ஆய்வைச் செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார். அது செய்யப்பட்டதற்கான சான்று விசாரணையில் கிடைக்கவில்லை.

2005 ஜூலையில், 42-ஆவது பேட்சிலிருந்து, ஒவ்வொரு பேட்சின் அளவும் மூன்றில் ஒரு பங்கு கூட்டப்பட்டது. அதே ஜாக்கெட், அதே வடிகால், கூடுதல் வெப்ப உமிழ்வு. இம்மாற்றத்துக்கு முன்னும் வெப்பச் சோதனை நடத்தப்படவில்லை.

நிகழ்வு நாள்

அன்று ஓடியது 175-ஆவது பேட்ச். முற்பகலில் சூடேற்றல் தொடங்கியது. பிற்பகல் 1.23 மணிக்கு, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் வெளியில் இருந்த ஊழியரைத் தொடர்புகொண்டு, குளிர்விப்பில் சிக்கல் இருக்கிறது, உரிமையாளர்களை வரச் சொல்லுங்கள் என்றார். உரிமையாளர்கள் விரைந்து வந்தனர். அவர்களில் ஒருவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்ட ஊழியர்களிடம் தீப்பிடிக்கும் என்று எச்சரித்து, விலகிப் போகச் சொல்லிவிட்டுத் தாம் உள்ளே சென்றார். ரியாக்டரின் உச்சியிலிருந்து ஜெட் விமான இரைச்சலைப் போன்ற ஓசையோடு வளி பீறிட்டது. முதல் அழைப்பிலிருந்து பத்தாவது நிமிடத்தில் ரியாக்டர் பிளந்தது.

தீப்பிடிக்கும் என்று அவர் சொன்னதை விசாரணையாளர்கள் முக்கியமாகக் கருதினர்; நானும் அவ்வாறே கருதுகிறேன். வெடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ரியாக்டரின் அருகிலுள்ள அறைக்குள் போயிருக்க மாட்டார், மற்றவர்களையும் இன்னும் வெகு தொலைவுக்கு அனுப்பியிருப்பார். தம் கையால் வடிவமைத்த முறையின் மிகக் கொடிய விளைவு எது என்பது அவருக்குத் தெரியாமலிருந்ததற்கு அலட்சியம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. அதைத் தெரிவிக்கக்கூடிய அளவீடு அவர் கையில் இல்லை.

விசாரணையில் செய்யப்பட்ட வெப்பச் சோதனை

விசாரணை வாரியம் இதே செய்முறையை வெப்பமாறாக் கலோரிமீட்டர் ஒன்றில் சோதித்தது. பயன்பட்ட கருவி வி.எஸ்.பி.2 எனப்படுவது. இதன் சோதனைக் கலன் சுமார் 116 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள, மெல்லிய சுவருடைய உலோகக் குப்பி. கலவை சூடாகும் வேகத்திலேயே சுற்றியுள்ள காப்புச் சூடேற்றியும் சூடாக்கப்படுவதால், குப்பியிலிருந்து வெப்பம் வெளியே போக வழியில்லை. குப்பிக்குள் அழுத்தம் ஏறும்போது வெளிக்கலனிலும் நைட்ரஜன் அழுத்தம் ஈடாக ஏற்றப்படுவதால், மெல்லிய சுவர் இருந்தும் குப்பி எளிதில் வெடிப்பதில்லை.

இந்தக் கருவியைத் தேர்ந்ததற்கான காரணம் வெப்பப் பகுப்பாய்வில் புதிதாக இறங்குவோர் கவனிக்க வேண்டியது. வினையில் எழும் வெப்பத்தின் ஒரு பகுதி கலவையைச் சூடாக்கும், மறுபகுதி கலனின் உலோகத்தைச் சூடாக்கும். மொத்த வெப்பக் கொள்ளளவைக் கலவையின் வெப்பக் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பதை ஃபை காரணி என்பர். தடித்த சுவருள்ள சிறு கலனில் இது 1.5-ஐயும் தாண்டும், அப்போது உண்மை வெப்பநிலை ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் காண்போம். பெரிய ஆலைக் கலன்களில் கலவை மிகுதி, உலோகம் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் ஃபை ஒன்றை நெருங்கியிருக்கும். மெல்லிய குப்பியுடைய கலோரிமீட்டரும் அதேபோல ஒன்றை ஒட்டி இருப்பதால், ரியாக்டரில் நடந்ததை ஏறத்தாழ அப்படியே திருப்பிக் காட்டும்.

சோதனையில் ஒன்றல்ல, இரண்டு வெப்ப உமிழ்வுகள் தென்பட்டன. முதலாவது ஏறத்தாழ 177 டிகிரியில் வெளிப்பட்டது. இது சோடியத்துக்கும் மெத்தில் சைக்ளோபென்டாடையீனுக்கும் இடையிலான, எதிர்பார்க்கப்பட்ட வினை. இரண்டாவது ஏறத்தாழ 199 டிகிரியில் தொடங்கியது. அது சோடியம் டைகிளைமோடு புரிந்த வினை; கரைப்பானே சிதையும் வினை. முதலாவதைவிட அது பன்மடங்கு கடுமையானது. உச்சக்கட்டத்தில் வெப்பநிலை நிமிடத்துக்கு 1,300 டிகிரி என்ற வேகத்திலும், அழுத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,200 பார் என்ற வேகத்திலும் ஏறின.

செய்முறையில் விடுபட்ட மூன்றாவது எண் இந்த 199. குளிர்விப்பைத் தொடங்க வேண்டிய 182 டிகிரிக்கும் கரைப்பான் சிதையத் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே இருந்தது வெறும் 17 டிகிரி. அதற்குள் முதல் வினை முழு வேகத்தில் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். குளிர்நீர் சில நிமிடங்கள் தவறினாலே அந்த இடைவெளி கரைந்துவிடும். 174 பேட்சுகள் அந்த 17 டிகிரிக்குள் நின்றதால் தப்பின.

அழுத்த வடிகால் பற்றிய விடையும் இதே சோதனையின் வெப்ப, அழுத்த வளைவுகளிலிருந்து கிடைத்தது. ரியாக்டரின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு. அதன் பாதுகாப்பு உடைதகடு நான்கு அங்குல விட்டமுடையது, 400 பவுண்டில் கிழியுமாறு அமைக்கப்பட்டது. இயல்பான இயக்கத்தில் வரும் ஹைட்ரஜனை மட்டும் கருத்தில் கொண்டால் இது போதுமானதாகவே தோன்றும். ஆனால் சோதனையில் அளக்கப்பட்ட உச்ச வேகத்தில், அழுத்தம் 400-இலிருந்து 600 பவுண்டை எட்ட அரை நொடிகூடத் தேவையில்லை. இரண்டாவது வினை தொடங்கிவிட்ட பிறகு, நடைமுறைக்கு உகந்த எந்த வடிகாலும் அதைத் தணித்திருக்காது. அதே நான்கு அங்குலத் தகடு 75 பவுண்டில் கிழியுமாறு அமைக்கப்பட்டிருந்தால், முதல் வினையின்போதே ஹைட்ரஜன் வெளியேறியிருக்கும். அழுத்தம் தாழ்ந்து டைகிளைம் கொதித்து, ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சி, கலவையை 199 டிகிரியை எட்டாமல் தடுத்திருக்கக்கூடும் என்று வாரியம் முடிவுகட்டியது. டைகிளைம் வளிமண்டல அழுத்தத்தில் 162 டிகிரியில் கொதிக்கும். உயர்ந்த அழுத்தத்தில் மூடி வைத்ததால் அந்த இயற்கையான பாதுகாப்பு பறிபோனது.

எளிய சோதனைகள் எதைக் காட்டியிருக்கும்

வி.எஸ்.பி.2 போன்ற கருவி சிறு நிறுவனங்களிடம் இருப்பதில்லை. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியே சோதிக்க முடியும். ஆயினும் முதற்படியாக டி.எஸ்.சி. எனப்படும் வேறுபாட்டு வருடல் கலோரிமீட்டர் பல கல்லூரி ஆய்வகங்களிலேயே உண்டு. சில மில்லிகிராம் மாதிரியை நிமிடத்துக்கு 5 அல்லது 10 டிகிரி வீதம் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் உமிழப்படுகிறது என்பதை ஒரே பிற்பகலில் அது காட்டிவிடும். அதைச் செய்யும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவதும் மிக முக்கியமானதும், சோதிக்கப்படும் பொருள் எது என்பது. விளைபொருளை மட்டும், அல்லது தூய டைகிளைமை மட்டும் சூடேற்றினால் இந்த ஆபத்து தென்பட்டிருக்காது. ஆபத்து இருந்தது சோடியமும் டைகிளைமும் சேர்ந்த இடத்தில். கரைப்பானை வினையில் பங்கேற்காத பொருளாக எண்ணிப் பழகிவிட்டதால், அது இருக்கும் கலவையைச் சோதிக்கத் தோன்றுவதில்லை. ஆகவே முழுக் கலவையையும், அந்தந்தக் கட்டத்தில் இருக்கும் விகிதத்திலேயே, இயக்க வெப்பநிலையைத் தாண்டிப் பல பத்து டிகிரிகள் வரை சூடேற்ற வேண்டும்.

இரண்டாவது, கலன். திறந்த அல்லது துளையிட்ட கலனில் கரைப்பான் ஆவியாகி வெளியேறிவிடும். ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சுவதால் உமிழ்வு மறைந்துபோகும். எடையிழப்பை அளக்கும் டி.ஜி.ஏ. ஒன்றை மட்டும் நம்பினாலும் இதே தவறு நேரும்: எடை குறைவது கொதித்ததாலா, சிதைந்ததாலா என்பதை அது தனியே பிரித்துச் சொல்லாது. உயர் அழுத்தம் தாங்கும் மூடிய கலன் வேண்டும். அதன் உலோகம் மாதிரியோடு வினைபுரியக் கூடாது. உயர் அழுத்தக் கலன்களில் வழக்கமாகப் பூசப்படும் தங்கம் உருகிய சோடியத்துக்கு உகந்ததன்று.

மூன்றாவது, முடிவைப் படிக்கும் விதம். டி.எஸ்.சி.யில் வளைவு மேலெழும் வெப்பநிலை, அந்தப் பொருளின் மாறாத பண்பு அன்று. சூடேற்றும் வேகம், கருவியின் உணர்திறன், மாதிரியின் அளவு ஆகியவற்றோடு அது நகரும். வெப்பம் வெளியேற இயலாத பெரிய கலனில் அதே வினை பல பத்து டிகிரிகள் முன்னதாகவே வேகம்கொள்ளும். அதனால்தான் இயக்க வெப்பநிலைக்கும் டி.எஸ்.சி. தொடக்கத்துக்கும் இடையே 100 டிகிரி இருந்தால் முதற்கட்டமாக ஏற்கலாம் என்ற பட்டறிவு விதி வழங்கிவருகிறது. அந்த விதியையும் முழுதாக நம்புவதற்கில்லை. ஆனால் இந்த நிகழ்வில் அந்த அளவுகோலை வைத்தே நிறுத்தியிருக்கலாம்.

உருகிய சோடியமும் கரைப்பானும் ஒன்றோடொன்று கலவாத இரு நிலைகள் என்பதால், கலக்கி இல்லாத மில்லிகிராம் மாதிரி உண்மை விகிதத்தைத் தருவது கடினம். டி.எஸ்.சி. இங்கே எச்சரிக்கை மணி அடிக்கும் வேலையை மட்டுமே செய்யும். வடிகாலின் அளவையும் குளிர்விப்பின் திறனையும் கணக்கிட, கலக்கியுள்ள வெப்பமாறாக் கலோரிமீட்டர்தான் வேண்டும்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

இந்தத் தொழிற்சாலையின் முறை எந்தப் பெரிய பாதுகாப்பு விதியின் கண்காணிப்புக்குள் வந்தது என்ற கேள்வி இயல்பாக எழும். அமெரிக்கத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் தனித்தனி வேதிப்பொருள்களின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டவை; சேர்மானத்தால் எழும் ஆபத்து அந்தப் பட்டியலில் அடங்குவதில்லை. இதே வாரியம் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 1980 முதல் 2001 நடுப்பகுதி வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 167 கடும் வினைவழி விபத்துகளையும், அவற்றில் இறந்த 108 பேரையும் எடுத்துக்காட்டி, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை விதிகளின் பட்டியலில் இல்லாத பொருள்களால் நேர்ந்தவை என்று சுட்டியிருந்தது.

ஜாக்சன்வில் அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகள் கல்வியை நோக்கித் திரும்பின. வேதிப் பொறியியல் துறைகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், 11 விழுக்காடு துறைகளே செயல்முறைப் பாதுகாப்பைக் கட்டாயப் பாடமாக வைத்திருந்தன. வினைவழி ஆபத்துகளைப் பட்டப் படிப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகத்துக்கும், பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்புக்கும் வாரியம் பரிந்துரைத்தது. பின்னர் தரச்சான்றுக்கான வரன்முறையில், வேதிச் செயல்முறைகளோடு தொடர்புடைய ஆபத்துகள் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது.

மாற வேண்டியவை

இதே முறையை இன்று ஒருவர் தொடங்குவதாகக் கொண்டால், ஒரு லிட்டர் கட்டத்திலேயே, விளைச்சலைப் பார்க்கும் முன், ரியாக்டருக்குள் ஒன்றையொன்று சந்திக்கும் ஒவ்வொரு இணையையும் மூடிய கலனில் டி.எஸ்.சி. செய்துவிட வேண்டும். உமிழ்வு தென்பட்டால், குளிர்விப்பு முற்றிலும் நின்றுவிட்டது என்ற நிலையை வெப்பமாறாக் கலோரிமீட்டரில் நிகழ்த்தி, விரும்பிய வினையின் வெப்பம் மட்டுமே கலவையை எந்த உச்சத்துக்குக் கொண்டுபோகும் என்பதை அளக்க வேண்டும். அந்த உச்சம் சிதைவு தொடங்கும் வெப்பநிலையைத் தொடுமானால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றிச் சூடாக்கும் முறையையே கைவிட்டு, ஒரு வினைபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் முறைக்கு மாற வேண்டும். அப்போது குளிர்விப்பு தவறினாலும், செலுத்துவதை நிறுத்தி வெப்பத்தை நிறுத்தலாம். கரைப்பானை மாற்ற இயலுமா என்பதும் அப்போதே கேட்கப்பட வேண்டும்.

உடைதகட்டின் அழுத்தத்தைக் கலனின் வலிமையை வைத்து அன்றி, கலவையின் வெப்ப வளைவை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். எதிர்பாராத வெப்ப எழுச்சி ஒரு பேட்சில் தென்பட்டால், அதன் வெப்பநிலை, அழுத்தப் பதிவுகளோடு மாதிரி ஒன்று கலோரிமீட்டருக்குப் போய் விடை வரும் வரை அடுத்த பேட்ச் ஏற்றப்படக் கூடாது. பேட்சின் அளவைக் கூட்டுவது புதிய முறையைத் தொடங்குவதற்கு ஈடாகக் கருதப்பட்டு, குளிர்விப்புத் திறனும் வடிகாலும் அந்தப் புதிய அளவுக்கு மீண்டும் கணக்கிடப்பட வேண்டும். குளிர்நீருக்கு, நகரக் குழாயைச் சாராத இரண்டாவது வழி ஒன்றும், 182 டிகிரிக்கு மேல் வெப்பநிலை ஏறினால் எத்தனை நிமிடத்துக்குள் அனைவரும் எவ்வளவு தொலைவு விலக வேண்டும் என்ற எழுத்து வடிவ ஆணையும் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். அந்த நிமிடக் கணக்கு கலோரிமீட்டர் அளந்த ஏற்ற வேகத்திலிருந்தே வர வேண்டும்.